உயர்த்திய கை

புளியடித்துறை
22.03.2025

அன்பான தம்பி நல்லரத்தினத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். உன் போனுக்குப் பல தரம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பொடியன் பேசினான். ஒருவன், "அன்ரி, சேர் மீற்றிங்ல. ஸ்பீக்கர்ல போட்டிரிக்கன், சொல்லுங்க" என்றான். நான் சொல்ல வந்தது ஸ்பீக்கரில் போடுகிற விசயம் இல்லை. களுதாவளைக்கு வந்து உன் பெண்சாதி வீட்டு வாசலில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். அது உனக்கு இப்போது நல்லதில்லை. அதனால்தான் தபால்.

நீ பிரதேச சபைத் தேர்தல் கேட்கிறாய் என்பதைச் சந்தியில் கொடுத்த நோட்டீஸைப் பார்த்துத்தான் அறிந்தேன். கூடப்பிறந்தவளுக்கு நோட்டீஸ் கொடுத்தா சொல்வது? சரி, அதை விடு.

அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகன் மதுரன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எங்கள் ஜெபவீட்டில் முழங்காலில் நின்று அழுதாயே, அதை அப்போது ஆரோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். இப்போது தோண்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். "வேட்பாளரின் கடவுள் யார்?" என்று மேலே எழுதியிருக்கிறது. மகள் நிருஷா காட்டினாள். எங்கள் வீட்டிலிருந்து அது போகவில்லை, நம்பு. உன்னிடம் கேட்டால் உண்மையைச் சொல். நீ மதம் மாறவில்லை, ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பிள்ளைக்காக அழுதாய். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி அத்தானின் கதை. இரத்தம் சுத்தம் பண்ண மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறோம். போன கிழமை டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அத்தான் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சுனாமியில் போன எங்கள் மூத்தவள் தனுஷியாவுக்குப் பக்கத்தில் தன்னை அடக்கவேண்டும். மயானத்து வேம்படியில் அவளுக்கு இடப்பக்கம் ஒரு ஆள் கிடக்க இடம் இருக்கிறது. அவளைப் புதைத்த அன்றே அவர் அதைப் பார்த்து வைத்துவிட்டார்.

ஆனால் ஊரில் இப்போது கதை வேறு. ஜெபவீட்டுக்குப் போகிற ஆட்களைப் பொது மயானத்தில் அடக்க விடுவதில்லை என்று கோயில் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கப் போகிறார்களாம். மயானம் பிரதேச சபையின் பொறுப்பில் இருப்பது. நீ அந்தச் சபைக்குத்தானே கேட்கிறாய். ஒரு வார்த்தை பேசு தம்பி. அழகுத்துரை அத்தான் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டுபோய் வாவியில் நீச்சல் பழக்கினவர்.

அக்கா புஸ்பம்


களுதாவளை
30.03.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் வெள்ளைத்தாள் அகப்படவில்லை, என் நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் மட்டும் ஒன்றும் போட்டுவிடாதீர்கள். இங்கே ஒன்று போட்டால் விடியமுன் வாகரை மட்டுக்கும் போய்விடும்.

வேட்பாளராக நிற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. வீதி, வாய்க்கால், தெருவிளக்கு என்று பேசத்தான் வெளிக்கிட்டேன். ஒருவரும் வாய்க்காலைப் பற்றிக் கேட்கிறார்கள் இல்லை. தேத்தண்ணி கையில் தரமுன்னமே, "தம்பி எந்தச் சாமி?" என்கிறார்கள். அதற்குப் பிறகு வாவிக்கரைச் சாராயக்கடையை மூடுவேனா என்று கேள்வி. மறுகா, ஜெபவீடுகளுக்கு அனுமதி கொடுப்பேனா, மயானத்தில் என்ன செய்வேன் என்று போகிறது. சாராயக்கடையில் எனக்குப் பயமில்லை. அதில் மட்டும் கோயிலும் ஜெபவீடும் ஒரே கட்சி. மற்றதெல்லாம் முள்ளில் விழுந்த சேலை மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும்.

என் நம்பிக்கை என்னவென்று நீங்கள் கேட்டால் கூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது அக்கா. காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் வெளிக்கிடுகிறேன். மதுரன் தன் காலால் நடந்து வருவதைக் காணும்போது உங்கள் ஆண்டவர் ஞாபகத்துக்கு வருகிறார். இதை மேடையில் சொன்னால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி விழுந்த கதையாகிவிடும். பெண்சாதி அஜந்தா என்னைப் பேசவே வேண்டாம் என்கிறாள்.

சித்திரை வருசம் கழிந்ததும் நம்முடைய ஊர்க் கோயிலில் கூட்டம். என்னையும் அழைத்திருக்கிறார்கள். மயானத்து விசயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி இருக்கிறான் என்று அத்தானிடம் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கூட்டத்தன்று நீங்களோ பாஸ்டரோ கோயில் பக்கம் வரவேண்டாம். உங்கள் முகத்தைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

நல்லரத்தினம்


புளியடித்துறை
24.04.2025

தம்பிக்கு,

நீ சொன்னபடியே நான் கோயில் பக்கம் வரவில்லை. ஆனால் கோயில் ஒலிபெருக்கியை எங்கள் வளவைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பிறந்து வளர்ந்த வீடு, அது உனக்கு மறந்துபோனது.

அத்தான் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். நீ பேசப் போகிறாய் என்று ரேடியோவை நிற்பாட்டச் சொன்னார். சாராயக்கடையை மூடுவேன் என்று சொன்னாய். கோயிலில் கைதட்டினார்கள். இங்கே நிருஷாவும் தட்டினாள். பிறகு அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். "நான் அந்த வீட்டுக்குப் போனது அக்காட மூஞ்சிக்காக. என்ட முழங்கால் பிள்ளையாருக்கு முன்னால மட்டும்தான் மடங்கும்" என்றாய். உன் முழங்கால் மடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பிள்ளையாரைக் கும்பிடுகிறேன் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அது உண்மை. மற்றதும் உண்மை என்றுதான் என் வருத்தம்.

அதுக்குப் பிறகு வண்ணக்கர் சாமித்தம்பி ஐயா தீர்மானத்தை வாசித்தார். கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற மனிசன், குரலில் தடுமாற்றம் இருந்தது. ஜெபவீட்டுக்குப் போன வீடுகளை அவரவர் குடிவழியிலிருந்து விலக்குவதாம். குடியில் இல்லாத வீட்டுக்குக் கோயிலில் பங்கும் இல்லை, மயானத்தில் இடமும் இல்லையாம். "ஆர் முன்மொழியிற?" என்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. ஊருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் உன் குரல் கேட்டது. "நானே கை உயர்த்துறன்."

அத்தான் நிருஷாவின் பக்கம் திரும்பினார். "ரேடியோவப் போடு புள்ள" என்றார்.

ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி என்பார்கள். நீ ஆற்றில் இறங்கமுன்னமே கையை விட்டுவிட்டாய். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் தம்பி இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். திருப்பினால் மூன்று குறித் திருநீறோடு சிரிக்கிறாய்.

பெரிய வெள்ளியன்று பாஸ்டர், இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த இடத்தை வாசித்தார். என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. பேதுருவுக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உனக்கு எதிராகக் கேட்கிற கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மதுரன் கண் முழித்த அடுத்த ஞாயிறு நீ ஜெபவீட்டில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாயே, அந்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். நிருஷாவின் போனில் இருக்கிறது. இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜெபவீட்டுக்குப் போகிறவள் பொய் சொன்னேன். பொய் சொல்ல உனக்கு மட்டுமா உரிமை?

அக்கா


களுதாவளை
09.05.2025

அக்காவுக்கு,

வென்றுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெடி கொளுத்திக்கொண்டு உங்கள் வாசலால்தான் வந்தோம். கேற் சாத்தியிருந்தது. என்னோடு திரிகிற பொடியன் ரதீஸிடம் கொடுத்துவிட்ட பழக்கூடையும் திரும்பி வந்தது. கழுத்தில் மாலை கிடக்கும்போதே உங்கள் கோபம் எனக்கு விளங்கிவிட்டது.

நான் ஏன் கை உயர்த்தினேன் என்று சொல்கிறேன், கோபிக்காமல் வாசியுங்கள். அந்தத் தீர்மானம் எப்படியும் நிறைவேறியிருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், பார், படத்தில் இருக்கிறது உண்மைதான் என்றிருப்பார்கள். இன்னொருவன் முன்மொழிவதை நானே முன்மொழிந்தால் சந்தேகம் தீரும் என்று பட்டது. ஒரு நிமிசத்து யோசனை. கை தானாக எழும்பிவிட்டது. அது வாக்குக்காகச் சொன்ன சொல் அக்கா, மனதிலிருந்து வந்ததில்லை.

இப்போது கதிரை கிடைத்துவிட்டது. வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருந்து செய்யலாம். ஜூனில் சபை கூடுகிறது. பொது மயானம் எந்தச் சமயத்தவருக்கும் பொது என்று நானே பிரேரணை கொண்டுவருவேன். கோயில் தீர்மானம் கோயில் மதிலுக்குள்ளே கிடக்கட்டும். ஒரு மாதம் மட்டும் பொறுங்கள்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏச நினைத்தால் ஏசியும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்கவேண்டாம்.

நல்லரத்தினம்


மாங்கேணி
04.06.2025

தம்பிக்கு,

அத்தானால் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் இருபத்தாறாம் திகதி விடியற்காலை போனார். வேதனைப்படாமல், நித்திரையில். குழி வெட்டுகிற ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அக்கா, ஊர்த் தீர்மானம் ஒண்டு இரிக்கி. நாங்க என்ன செய்யிற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களில் இருவர் அத்தானோடு ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். நான் அவர்களை ஏசவில்லை.

நிருஷா உன் போனுக்கு எடுத்தாள். "சேர் கொழும்புக்குப் பொயித்தார்" என்றான் பொடியன்.

பின்னேரம் மட்டுக்கும் உன்னைப் பார்த்திருந்தோம். வெயில் காலம், வைத்திருக்க முடியாது. அத்தான் பிறந்த ஊரான மாங்கேணியில் அவருடைய தங்கச்சி, "இஞ்ச கொண்டு வாங்க மச்சாள், நாங்க அடக்குவம்" என்றா. காத்தான்குடி நிஸ்தார் காக்கா தன்னுடைய வானைக் கொண்டுவந்தார். அத்தானிடம் மீன் எடுத்து விற்றவர், உனக்கும் தெரியும். கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்த மனிசன், முப்பத்தைந்து வருசம் அந்த ஊரில் தொழில் செய்து, அந்த ஊரில் பிள்ளையைப் புதைத்து, கடைசியில் பொருள் பண்டம் மாதிரி வானில் ஏறி வெளியே வந்தார்.

வான் உன் வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் போனது. கேட்காமலே நிஸ்தார் காக்கா வேகத்தைக் குறைத்தார். உன் கேற் சாத்தியிருந்தது.

இப்போது தகப்பன் இங்கே, மகள் அங்கே. நான் எந்தப் பக்கம் கிடப்பேன் என்று இரவில் யோசிக்கிறேன். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. நிருஷாவுக்கும் அங்கே போக மனமில்லை. உன் பிரேரணையை நீ என்ன செய்தாலும் இனி எங்களுக்கு அதில் வேலையில்லை.

அக்கா


களுதாவளை
07.07.2025

அக்காவுக்கு,

எழுதத் தொடங்கி எத்தனை தாளைக் கிழித்தேன் என்று தெரியாது. நான் கொழும்பில் இருக்கவில்லை. வான் வந்தபோது கேற்றுக்குப் பின்னால் நின்றேன். வேகம் குறைந்த சத்தம் கேட்டது. கொண்டியில் கை வைத்தேன். வெளியே கோயில் ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். வான் போய்விட்டது.

ஆனித் திருவிழா முடிந்துவிட்டது. நம் குடித் திருவிழாவன்று பூசை முடிந்து காளாஞ்சி கொடுக்கிற நேரம் முன்னால் போய் நின்றேன். உங்களுக்குத் தெரியும், வண்ணக்கர் ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லிக் கூப்பிட்டு வெற்றிலை, பூ, திருநீறு வைத்த தட்டைக் கொடுப்பார். நம் தாய்மாமன் இருக்கும்வரை அவர் வாங்கினார். அவருக்குப் பிறகு நான். இந்த வருசம் பிரதேச சபை உறுப்பினர் வேறு, புதுச் சால்வை போட்டுக்கொண்டு நின்றேன். எல்லாப் பேரும் சொல்லி முடிந்தது. என் பேர் வரவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்துக் கிட்டப் போய்க் கேட்டேன். சாமித்தம்பி ஐயா மெதுவாகத்தான் சொன்னார். "உங்கள எந்த வீட்டுப் பேரால கூப்பிடுற மனே? நமக்குக் குடி தாய் வழி. தாய்ட வீடு இப்ப புஸ்பத்துட வீடு. அந்த வீட்ட விலக்கியாச்சி. மறுகா உங்களுக்கு ஏது குடி? நான் தடுக்கல்ல. அது நீங்க உயர்த்தின கைதான்."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேட்புமனுவில் தகப்பன் பேர் கேட்கிறார்கள். வாக்காளர் அட்டையிலும் தகப்பன் பேர்தான். அந்தத் தாள்களோடு திரிந்து திரிந்து, கோயிலில் தாய் பேரைத்தான் கேட்பார்கள் என்பதை மறந்துபோனேன். ஆம்பிளைக்குத் தாய்வீடு என்று சொல்ல இருப்பது அக்காவின் வீடுதான். அதை வெட்டிய கத்தியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மதுரனுக்குக் குடி அஜந்தாவின் குடி. அவன் தப்பினான். நான்தான் எந்தக் குடியும் இல்லாதவன். அம்மா கிடக்கிற மயானத்தில் எனக்கும் இனி இடமில்லை.

சபையில் பிரேரணையை எழும்பி வாசித்தேன். ஆமோதிக்க ஒருவரும் இல்லை. பக்கத்துக் கதிரைக்காரர், "கோயில்ல முன்மொழிஞ்சதும் நீங்க, இஞ்ச முன்மொழியிறதும் நீங்க. எந்த நல்லரத்தினத்த நாங்க ஆமோதிக்கிற?" என்றார். பிரேரணைத் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாராயக்கடையை மூடும் பிரேரணை ஒரே வாயாக நிறைவேறியது. அந்தக் கைதட்டலும் எனக்குக் காதில் ஏறவில்லை.

கும்பிட எனக்கு இரண்டு இடம் இருந்தது அக்கா. பிள்ளையாருக்கும் சொல்லாமல், உங்கள் ஆண்டவருக்கும் சொல்லாமல், இரண்டையும் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். இப்போது இரண்டிலும் போய் நிற்க முகமில்லை. போன ஞாயிறு மாங்கேணிக்கு என்று பஸ் ஏறினேன். பாதி வழியில், வாழைச்சேனையில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அத்தானின் குழியடியில் வந்து நிற்க விடுவீர்களா?

தம்பி


மாங்கேணி
19.07.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை நிருஷா வாசித்தாள், நான் கேட்டேன். கேற்றுக்குப் பின்னால் நின்றது என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நானே வாசித்தேன்.

காளாஞ்சி கிடைக்காத கதையைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மா இருந்திருந்தால் அன்று சோறு தின்றிருக்க மாட்டா. நீ சின்னப் பிள்ளையாக மாமாவின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டுக்குப் பின்னால் போவாய். அது எனக்கு இப்போதும் கண்ணுக்குள்ளே நிற்கிறது. நான் ஜெபவீட்டுக்குப் போனாலும் அந்தக் குடி என் குடிதான். அதை நான் விடவில்லை, என்னிடமிருந்து எடுத்தார்கள்.

எனக்கும் ஒரு கவலை இருக்கிறது. கோயில் பக்கம் வரவேண்டாம் என்று நீ எழுதியபோது நான் கேட்டிருக்கக் கூடாது. வந்து முன் வரிசையில் இருந்திருக்க வேண்டும். என் முகத்தைக் கண்டால் பேச்சு வராது என்றாய். பேச்சு வராமல் போயிருந்தால் அந்தக் கை எழும்பியிராது. அதை நினைத்து நினைத்து இந்த வாசலில் இருக்கிறேன். நீ மாலையோடு வந்த அன்று கேற்றைச் சாத்தியதும் நான்தான். அத்தான் திறக்கச் சொன்னார்.

வர விடுவீர்களா என்று கேட்டிருக்கிறாய். இது உன் அத்தானின் குழி. நான் ஆர் தடுக்க? ஆனால் வெறுங்கையோடு வராதே.

அத்தானுக்கு எல்லாரும் மண் போட்டார்கள். நிஸ்தார் காக்கா கூட ஒரு பிடி போட்டார். மச்சான் போடவேண்டிய பிடி மட்டும் இன்னும் விழவில்லை. அதை இங்கத்தை மண்ணில் அள்ளிப் போடாதே. நம் ஊர் மயானத்துக்குப் போ. வேம்படியில் எங்கள் பிள்ளையின் இடப்பக்கத்தில், அவர் பார்த்து வைத்த இடத்தில், ஒரு பிடி எடுத்து வா. அவர் கேட்ட இடத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மண்ணையாவது கொண்டு வா.

பகலில் எடு. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் கோயிலை விட்டு வெளியே வருகிற நேரம் எடு. ஆருக்கு என்று கேட்டால் அத்தானின் பேரைச் சொல், என் பேரையும் சொல். மதுரனுக்காக எங்கே முழங்காலில் நின்றாய் என்று கேட்டால் அதையும் சொல். இருட்டில் போய் எடுத்தாயானால் அதை வாவியில் கொட்டிவிட்டு உன் வீட்டுக்குப் போ. இங்கே வரவேண்டாம்.

அக்கா